பில் இல்லாத கட்டை

எண்ணூர் விரைவுச்சாலையில்
முப்பத்தோரு மணி நேரம்
என் முன்னால் நின்றது ஒரே கண்டெய்னரின் முதுகு.
அதன் நம்பரை இப்போது கேட்டாலும் சொல்வேன்.

ஒண்ணுக்குப் போக இறங்கியபோதுதான் பார்த்தேன்.
அலைக்குப் போட்ட கருங்கல் இடுக்கில்
முழங்கை மடக்கிக் கிடந்தது ஒரு கட்டை.
பட்டையைக் கடல் தின்றிருந்தது.
கணுக்களை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தது,
தட்டோரம் முள்ளை வைக்கிற மாதிரி.

கிளீனர் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டேன்.
ஜீரோ கேட்டில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்து
"இன்னாபா இது?" என்றார்.
"கிளீனரு."
அவருக்கும் தூக்கம் கெட்டிருக்க வேண்டும்,
சிரித்துவிட்டார்.

கொளத்தூரில் இதே மாதிரிக் கட்டை கிலோ எழுநூறு.
மலேசியாவிலிருந்து கப்பலில் வந்ததாம்.
வந்திருக்கும்.
பெட்டிக்குள்ளே என்னவென்று எங்களுக்கு யார் சொல்கிறார்கள்,
சீல் உடையாமல் சேர்ப்பதோடு சரி.
அந்தக் காட்டை நானே இழுத்து வந்திருக்கலாம்
வாடகை பாக்கியோடு.

மீன்கடை பெஞ்சமின் என்னுடையதை மோந்து பார்த்தான்.
"கடல் கட்டைண்ணா. உப்பு எறங்கணும்.
வேகவெச்சி ஊறப்போடு. திரும்ப வேகவை.
எண்ணெ வாசன போவலன்னா தூக்கிப் போட்டுடு.
மீனு செத்தா என்னாண்ட வராத."

அந்த நீளத்துக்கு வீட்டில் இருந்தது
பிரியாணி குண்டான் ஒன்றுதான்.
தாட்சாயணி அதை என் கையில் கொடுத்து
மொட்டை மாடியைக் காட்டினாள். பேசவில்லை.

முதல் கொதியில் நுரை.
அடுத்த கொதியில் டீசல் வாசனை,
கட்டையா என் சட்டையா என்று பிடிபடவில்லை.
துணி எடுக்க வந்த மூன்றாவது வீட்டம்மா
"பாயாவா?" என்று கேட்டுவிட்டு
எலும்பைப் பார்த்துப் பேசாமல் இறங்கிப்போனார்.
ஐந்தாம் நாள் ஒரு ஆணி தலை நீட்டியது.
துருப்பிடித்த, நாலு பட்டை ஆணி.
அப்படியானால் இது வெறும் மரமாக மட்டும் இருந்ததில்லை.
எதிலோ வேலை பார்த்திருக்கிறது.
குறட்டால் பிடுங்கினேன். ரொம்ப நேரம் வரவில்லை.

தொட்டியில் வைத்தேன். மிதந்தது.
கல்லைக் கட்டினேன்.
கல்லை அவிழ்த்துப் போட்டுவிட்டு மிதந்தது.
ரெண்டு கௌராமியும் ஏழு டெட்ராவும்
மோட்டார் பக்கம் ஒடுங்கிக்கொண்டன.
சக்கர் மட்டும் எப்போதும்போல
கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

"உன்ன மாதிரியேதான்.
வூட்ல அடங்குதா பாரு" என்றாள் தாட்சாயணி.

நாலே நாளில் தண்ணீர் டிகாஷன் நிறம்.
பார்க்க வந்த மச்சான் தண்ணீர் மாற்றச் சொன்னான்.
மாற்றக் கூடாது, கட்டை தன் நிறத்தை விடுகிறது,
மீனுக்கு நல்லது என்றேன்.
அவன் நம்பவில்லை.
கொடுங்கையூரில் இருந்துகொண்டு
குழாயில் வருகிற நிறத்தையெல்லாம் குடித்தவன்
இதற்குப் போய் முகம் சுளித்தான்.

மூன்று வாரம் அப்படியே மிதந்தது.
கீழ்ப்பக்கத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சை கட்டியது.
எனக்கு ஓசூர் லோடு வந்தது,
ஓசூரிலிருந்து திரும்பி மறுபடி இதே வரிசை,
எர்ணாவூர் தாண்டி, இடது பக்கம் அதே கல்.

ராத்திரி மூணேகாலுக்கு போன்.
நெஞ்சு ஒருமுறை நின்றது.

"எறங்கிடுச்சி" என்றாள்.

"யாரு?"

"உன் கிளீனரு.
டொக்குன்னு சத்தம். எழுந்து லைட்டப் போட்டா
மண்ணுல குந்திகினு இருக்குது."

அப்புறம் பேச்சில்லை.
அவள் பக்கத்திலிருந்து தொட்டி மோட்டார் கேட்டது,
குமிழ் வெடிக்கிற சத்தம்.
என் பக்கத்திலிருந்து அவளுக்கு
கடல் கேட்டிருக்கலாம், லாரி இன்ஜின்கள்தான் கேட்டிருக்கும்.

"சக்கர் வந்து ஒட்டிகிச்சி" என்றாள்.
"அந்த வெள்ளையத் துன்னுது.
ஆணி இருந்த ஓட்டையாண்ட சுத்திச் சுத்தி வருது."

"படு. காலைல டூட்டி இல்ல?"

"இரு, பாக்குறேன்."

முன்னால் இருந்த கண்டெய்னர் நகர்ந்து
ஒரு வண்டி நீளம் தள்ளி நின்றது.
பின்னால் ஹாரன். அதற்குப் பின்னால் இன்னொன்று.
நான் கியரைத் தொடவில்லை.